பன்னிரண்டு பணிஸும் ஒரு பட்டியலும்

இங்கிலாந்தில் எடுத்த ஒரு சண்டைப் படத்தின் கடைசியில், உதவியவர்களின் பெயர்கள் ஓடுகிற இடத்தில், முப்பத்தேழு தமிழ்ப் பெயர்கள் நட்சத்திரத்தோடும் ராசியோடும் வருகின்றன. ஆயிலியம், கடகம். பூராடம், தனுசு. அதைப் பார்க்கிற வெள்ளைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ தெரியாது. காரணம் நானும் என் கணவரும்தான். அந்த முப்பத்தேழில் ஒரு பெயரை எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குளிர்ச் சமையலறையில் எனக்கு வேலை. சலாட் வெட்டுவது, மீன் தட்டு அடுக்குவது, காலைச் சாப்பாட்டு மேசைக்குப் பழம் நறுக்குவது. இருபத்திரண்டு வருடமாக ஒரே கத்தி. எனக்கு அடுத்த அறையில் பாண் என்கிற ரொட்டியும் கேக்கும் போடுகிறவர் ஓர் ஆங்கிலேயர். அங்கே வேலை செய்கிற இலங்கைத் தமிழர்கள் நாங்கள் அவரைப் பாண்காரர் என்றே சொல்லிக்கொள்வோம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓடுவது சமையலறை ஜெர்மன், இடையிடையே ஆங்கிலம். இரண்டு பேருக்கும் இரண்டும் அரைகுறை. ஆகவே அவர் பேசியதாக இங்கே வருவது என் தமிழ்தான்.

அவரோடு எனக்குப் பழக்கம் வந்தது ஓர் ஆகஸ்ட் முதலாம் திகதி. சுவிஸ் நாட்டின் பிறந்தநாள் அது. மத்தியானத்திலிருந்தே கரை முழுக்க வெடி கொளுத்துவார்கள். அது கொண்டாட்டம் என்று என் மூளைக்குத் தெரியும், ஊரில் குண்டுச் சத்தத்தில் வளர்ந்த காதுக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வெள்ளரிக்காய் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சாமான் வைக்கிற பெரிய குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, குளிர்கோட்டும் மாட்டிக்கொண்டு பாண்காரர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவுக்குள் ஒரு சத்தமும் வராது. அவர் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அரைமணி நேரம், ஆள்மாறி ஆள் முட்டைகளை எண்ணிக்கொண்டு, அங்கே இருப்போம். என் கணவர் இதை எங்கள் குளிரறைத் திருவிழா என்பார். கொடியேற்றம் எப்போது என்று ஜூலை பிறந்ததுமே கேட்கத் தொடங்கிவிடுவார்.

பாண்காரருக்குக் கணக்கு வராது என்பது ஹோட்டலில் எல்லாரும் அறிந்த விஷயம். காலைக்கு எத்தனை பணிஸ், அதுதான் பன், வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாலும், அதற்கு மேலே பன்னிரண்டு போட்டு வைத்திருப்பார். ஒரு நாளும் பதினொன்று இல்லை, பதின்மூன்றும் இல்லை. தலைமைச் சமையற்காரர் முதலில் கத்தினார், பிறகு களைத்துப்போனார். மிஞ்சியதை வேலைக்காரர்கள் கொண்டுபோகலாம் என்று வந்தது. எங்களில் வெட்கம் குறைந்தவள் நான் என்பதால் பை எப்போதும் என் கையில்தான். வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு, வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்கு. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பணிஸ்தான் பின்னேரச் சாப்பாடு. ஒரு மனிதர் இருபது வருடமாகக் கணக்குப் பிழைக்கிறார் என்று நானும் அவரைப் பகிடி பண்ணியிருக்கிறேன்.

ஒரு தை மாதம், பணிஸ் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது, அவர் தன் போனை என்னிடம் நீட்டினார். அவருடைய தங்கையின் மகள் இங்கிலாந்தில் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிறவராம். இப்போது ஒரு முழுப் படம் எடுக்கப் போகிறார். பெரிய கம்பனி ஒன்றும் பின்னால் இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, விரும்பியவர்கள் விரும்பியதைத் தரலாம் என்று கேட்டிருந்தார். குறித்த திகதிக்குள் குறித்த தொகை சேராவிட்டால் எல்லாருக்கும் காசு திரும்பிப் போய்விடும், படமும் இல்லை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்ட ஒரு பச்சைக் கோடு இருந்தது. அது பாதி வழியில் நின்றிருந்தது.

நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். படத்தின் கதையை நாலு வரியில் போட்டிருந்தார்கள். தூரத்துத் தீவுகளில் இங்கிலாந்து நடத்திய சண்டைக்குப் பட்டாளச் சமையற்காரனாகப் போன பத்தொன்பது வயதுப் பையன். ஒரு காலை, தன் கூட்டத்துக்கு வழக்கமான கணக்கில் சாப்பாடு செய்கிறான். நாலு பேர் சாப்பிட வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அவன் அந்த நாலு பேருக்கும் ஆளுக்கு மூன்று பணிஸ் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

நாலு மூன்று பன்னிரண்டு, அந்தப் பையன் பாண்காரர்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் பகிடி பண்ணியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஏன் இதை ஹோட்டல் அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை என்று மட்டும் கேட்டேன். அவருக்குக் கூச்சம். கூட வேலை செய்கிறவர்களிடம் போய்ப் படத்துக்குக் காசு தாருங்கள் என்று எப்படிக் கேட்பது என்றார். எனக்கு அது விளங்கவேயில்லை. ஊரில் கிணறு வெட்ட, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட, இங்கே கோயிலுக்குத் தேர் செய்ய என்று சேர்த்துச் சேர்த்தே வாழ்ந்த சனம் நாங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டிருந்தால் எங்களுக்கு ஒரு கோயில்கூட இருந்திருக்காது. அந்த வேலையை என்னிடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் கோயில் தொழிற்பேட்டையில் ஒரு பழைய பண்டகசாலை. என் கணவர் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார், கோயிலில் அவர்தான் செயலாளர். அர்ச்சனைச் சீட்டுப் புத்தகம் அவர் பொறுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது நான் விஷயத்தைச் சொன்னேன். தேர்த் திருப்பணிக்குப் பொறுப்பான ஒருவர், குரல் பெரிய மனிதர், முதலில் மறித்தார்.

“தேருக்கே காசு காணாமல் கிடக்குது. வெள்ளைக்காரன்ரை சண்டைப் படத்துக்கு நாங்கள் ஏன், தங்கச்சி, குடுக்கோணும்?”

“அண்ணை, உங்கடை பிள்ளையள் மூண்டும் என்ரை பையிலை இருந்து பணிஸ் எடுத்துத் திண்டு வளந்தவை. அது மிச்சப் பணிஸ் இல்லை. வராமல் போன நாலு பேருக்கெண்டு அந்த மனிசன் போட்டது. அவையின்ரை பங்கைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் சாப்பிட்டிருக்கிறம்.”

அவர் சட்டைப் பையில் இருந்து காசை எடுத்து, எங்கே எழுதுவது என்று என் கணவரைக் கேட்டார். கையில் இருந்தது அர்ச்சனைச் சீட்டுப் புத்தகம் மட்டும்தான். அதில் பெயர், நட்சத்திரம், ராசி என்று மூன்று கோடுகள். கோயிலில் நின்று அந்தச் சீட்டைக் கண்டால் எங்கள் கை தானாக மூன்றையும் எழுதும். அப்படியே மற்றவர்களும் எழுதினார்கள். சிலர் மனைவி பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனிச் சீட்டு எழுதினார்கள். மொத்தம் முப்பத்தாறு சீட்டு. முப்பத்தேழாவது நான் எழுதியது, என் அண்ணனின் பெயரில்.

என் அண்ணன் காணாமற்போனவர். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கையில் இருப்பதை யாருக்காவது கொடுத்துவிட்டு வருவது அவருடைய வியாதி. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பழஞ்சட்டையோடு வருவார், அம்மா வாசலில் நின்று திட்டுவார். எங்கள் நாட்டுச் சண்டையின் கடைசி மாதங்களில் ஒரு பாடசாலை வளவில், இராணுவம் நிறுத்திய வரிசையில் அவர் நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். உத்தரட்டாதி நட்சத்திரம், மீன ராசி. அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது, அது எனக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும். கனடாவில் இருக்கும் என் அக்காவோ, தானே ஒரு திகதியைத் தீர்மானித்து, அண்ணனின் போட்டோவுக்கு மாலை போட்டு, வருடா வருடம் திவசம் செய்கிறார். ஒரே ஆளுக்கு நான் இங்கே அர்ச்சனை, அவர் அங்கே திவசம். அந்த மாலைக்காக நான் அவரோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், ஆனால் முழங்கால் வலியையும் பனியையும் பற்றித்தான். அண்ணன் பேச்சு வந்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு உடனே அடுப்பில் ஏதாவது கருகும்.

இணையப் பக்கத்தில், காசு கொடுப்பவரின் பெயர் படத்தில் எப்படி வரவேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. என் கணவர் எழுதியதை எழுதியபடி பதிகிறவர். பஸ் ஓட்டத்தில் ஒரு நிமிடம் பிந்தினாலும் அதையும் குறித்து வைக்கிற ஆள். இரண்டு பின்னேரங்கள் மேசை முன்னால் குந்தியிருந்து, முப்பத்தேழு சீட்டையும், பெயர், நட்சத்திரம், ராசி எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டி முடித்தார். நட்சத்திரம் எதற்கு என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் பச்சைக் கோடு நல்ல தூரம் நகர்ந்தது. நான் கொடுத்த துணிவில் பாண்காரரும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். முன்பு கத்திக் களைத்த தலைமைச் சமையற்காரர்தான் அதில் முதலாவதாகக் கையெழுத்துப் போட்டார். திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே கோடு நிரம்பிவிட்டது. பாண்காரர் அன்று எனக்கென்று தனியாக ஒரு ஆப்பிள் கேக் போட்டார், அதை நான் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை.

படம் எடுத்து முடிய ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. மறுவருடம் ஆடி மாதம், படம் எடுத்த பாண்காரரின் தங்கை மகள் எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மரியாதையான கடிதம். அதில் இரண்டு கேள்விகள். பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் சொற்கள் உங்கள் படைப்பிரிவுகளா என்பது ஒன்று. இங்கிலாந்துக்காரர்கள் பலர் தங்கள் அப்பா, அண்ணன் பெயர்களோடு அவர்கள் இருந்த படைப்பிரிவையும் எழுதியிருந்தார்களாம், அதுபோல என்று நினைத்துவிட்டார். என் கணவர் சிரித்த சிரிப்பில் தேநீர் கவிழ்ந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருபத்தேழு நட்சத்திரங்களையும் விளக்கி இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்றும் எழுதினார். எடுக்க மாட்டேன், அப்படியே போகட்டும் என்று அந்தப் பெண் மறுநாளே சொல்லிவிட்டார்.

இரண்டாவது கேள்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கடைசியில் இரண்டு பட்டியல் வருமாம். முதலாவது, இறந்தவர்களின் நினைவாக. இரண்டாவது, உதவியவர்களுக்கு நன்றி. எந்தப் பெயர் எதில் என்று ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் சொல்லவேண்டும். கணவர் முப்பத்தாறு பெயருக்கும் நேரே நன்றி, நன்றி என்று எழுதிக்கொண்டு போனார். முப்பத்தேழாவதில் பேனையை வைத்துவிட்டார்.

“இதை நீரே எழுதும்,” என்றார்.

“நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “நினைவாக எண்டு போட்டால் உம்மடை மனதுக்கு ஒரு ஆறுதல் வருமோ எண்டு நினைக்கிறன். ஆனால் அது என்ரை நினைப்பு.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தத் தாளின் மேல். நான் யாரிடமும் கேட்காத கேள்வியை இங்கிலாந்தில் இருந்து ஒரு பெண் வந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று இருந்தது. நினைவாக என்று போட்டால் அக்கா செய்தது சரி, நான் இவ்வளவு வெள்ளிக்கிழமையும் என்னையே ஏமாற்றியதாகும். நன்றி என்று போட்டால், பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் புத்தி வராதவள் என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைப்பதாகும். தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் போட்டு ஒட்டினேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை முறைத்துப் பார்த்தேன்.

அதற்குள் ஆகஸ்ட் முதலாம் திகதி வந்துவிட்டது. வெடி தொடங்கியதும் நான் வெள்ளரிக்காய் எடுக்கப் போனேன். பாண்காரர் எனக்கு முன்னமே பெட்டியில் இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக முட்டை எண்ணாமல் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். சைக்கிள் கடை, சட்டை, பாடசாலை வளவு, அக்காவின் மாலை, குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் தாள் எல்லாம். என் ஜெர்மன் நடுவில் காலை வாரியது, அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் நாலு பேரும் எந்தப் பட்டியலில் என்று கடைசியில் கேட்டேன்.

“நினைவாக,” என்றார். “நான் அவர்களைப் பார்த்தேன். நான்தான் தூக்கி வந்தேன்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ உன் அண்ணனைப் பார்த்தாயா?”

“இல்லை.”

“அப்படியானால் பார்த்தது போல ஏன் எழுதப் போகிறாய்?”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு நாங்கள் முட்டைகளை எண்ணினோம். எனக்கு அழுகை வந்தது, குளிரில் மூக்கு ஒழுகுவதாகக் காட்டிக்கொண்டேன். பின்னேரம் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்ற முன்னமே, முப்பத்தேழாவது பெயருக்கு நேரே நன்றி என்று எழுதிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதை எழுதியபடி பதிந்தார். மனப்பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லுசேர்ணில் ஒரு சின்னத் தியேட்டரை வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டார்கள். ஹோட்டல் ஆட்கள் ஒரு பக்கம், கோயில் ஆட்கள் ஒரு பக்கம். எங்கள் பெண்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள், கைப்பைக்குள் வடை மணத்தது. சண்டைப் படம் என்று வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். துவக்கு வெடிக்கும் சத்தம் இரண்டு இடத்தில்தான் கேட்டது, அதுவும் தூரத்தில். மிச்சம் முழுக்க ஒரு மனிதர் மாவு பிசைந்தார். தேர்த் திருப்பணிக்காரர் எனக்குப் பின்னால் இருந்து, எப்போது சண்டை தொடங்கும் என்று இரண்டு தரம் கேட்டார். அவர் காசு கொடுத்தவர், கேட்க உரிமை உண்டு. கடைசிக் காட்சியில் மேசையில் பன்னிரண்டு பணிஸ் வந்தபோது அவர் மூக்கைச் சிந்தியதும் எனக்குக் கேட்டது.

எந்தப் படத்துக்கும் பெயர்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் ஆட்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அன்று ஒருவரும் எழும்பவில்லை. முதலில் நினைவாக என்ற பட்டியல் வந்தது. நாலு பெயர்கள் வந்த இடத்தில் பாண்காரர் என் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு நன்றிப் பட்டியல். இங்கிலாந்துப் பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன, திடீரென்று ஆயிலியம், கடகம் வந்தது. எங்கள் பக்கம் ஒரே சிரிப்பும் கைதட்டலும். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு தட்டல். ஹோட்டல் ஆட்களும் என்னவென்று தெரியாமலே தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் அண்ணனின் முழுப் பெயரும், உத்தரட்டாதி, மீனம் என்று கீழிருந்து வந்து, மேலே போயிற்று.

இத்தனை வருடமாக அண்ணனின் பெயரை நான் எத்தனையோ பட்டியலில் எழுதியிருக்கிறேன். தேடித்தாருங்கள் என்று கொடுத்த பட்டியல்கள், கையெழுத்து வாங்கிய பட்டியல்கள், அலுவலகம் அலுவலகமாகத் திருப்பி எழுதிய பட்டியல்கள். எல்லாவற்றிலும் அவர் இல்லாதவர். இது ஒன்றில்தான் அவர் கொடுத்தவர். அது எனக்கு அந்தத் திரையைப் பார்த்தபோதுதான் பட்டது, மனம் நிறைந்து போயிற்று. வெளிச்சம் வந்ததும் பாண்காரர் என் பக்கம் குனிந்தார்.

“உன் அண்ணனைக் காணும்போது என் நன்றியைச் சொல்,” என்றார்.

சொல்கிறேன் என்றேன்.

வெளியே ஏரிப் பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்து, வடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கனடாவுக்கு அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. முழங்காலையும் பனியையும் விட்டுவிட்டு நேரே விஷயத்தைச் சொன்னேன். படம், சீட்டு, இரண்டு பட்டியல், நான் எதைத் தெரிந்தெடுத்தேன் என்பது வரை. அக்கா போனை வைக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“அண்ணைக்கு அந்த வெள்ளைக்காரர் நன்றி சொல்லச் சொன்னவர், அக்கா,” என்றேன்.

“என்னத்துக்கு நன்றி?”

“அண்ணை படத்துக்குக் காசு குடுத்தவர் எண்டுதானே போட்டிருக்கு.”

அக்கா சிரித்தார். அம்மா வாசலில் நின்று திட்டும்போது நாங்கள் இருவரும் உள்ளே ஒளிந்திருந்து சிரிக்கிற அதே சிரிப்பு. சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“கையிலை இருக்கிறதை ஆருக்கும் குடுக்கிற பழக்கம் இன்னும் போகேல்லையோ அவருக்கு?”